றெஜினா அக்கா வைக்காத கையெழுத்து

பென்டில் ஹில் கடையில் வெண்டிக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. கடைக்காரர் தராசடியில் நின்றபடி சொன்னார்: "அண்ணை, உங்கட பக்டரி றெஜினா அக்கா விடிய மோசம் போட்டாவாம். ஹார்ட்டாம்." எடுத்த வெண்டிக்காயைத் திரும்பக் கொட்டிவிட்டு வெளியே வந்து காருக்குள் இருந்து அழுதேன். அறுபத்திரண்டு வயது சாகிற வயதா என்று கோபம் வந்தது. யாரோடு கோபிப்பது என்றுதான் தெரியவில்லை.

அக்காவை உங்களில் பலர் தேவாலய மண்டபத்தில் கண்டிருப்பீர்கள். பெருநாள்களுக்கு இருநூறு ரோல்ஸ் பலகாரத்தைத் தனியாகச் சுற்றிப் பொரித்து, எண்ணெயில் ஒன்று வெடித்தாலும் வாங்கியவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கிற மன்னார்க்காரி. செவன் ஹில்ஸில் போத்தல் மூடி செய்யும் எங்கள் தொழிற்சாலையில் அவர் பிழை பார்ப்பவர், நான் பெட்டி அடுக்குபவன். வருடக்கணக்காக ஒரே மேசையில் சாப்பிட்டோம். ஆனால் ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் நேராகத் துப்பாக்கி சுடும் கழகத்துக்குப் போவார் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தொழிற்சாலையால் ஒருமுறை உல்லாசமாகக் கூட்டிப்போன இடம் அது. எல்லோரும் ஆளுக்கு ஐந்து வெடி வைத்துவிட்டு வந்தோம். அக்கா மட்டும் அங்கேயே சேர்ந்துவிட்டார். 'ருவென்ரி ரூ', அதாவது இருபத்திரண்டு என்று சொல்லும் மிகச் சின்னத் தோட்டா அது. சுண்டு விரலின் பாதிகூட இருக்காது. அடிப்பக்க விளிம்பில் ஊசி தட்டினால் வெடிக்கும். பாயில் குப்புறப் படுத்து, ஐம்பது மீற்றர் தள்ளி நிற்கும் அட்டையில் ஓட்டை போட வேண்டும். சண்டைக்குப் பயந்து ஓடிவந்த மனிசிக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்டேன்.

"தம்பி, அங்க வெடிச்சத்தம் கேட்டுத்தான் படுத்தனாங்கள். இங்க படுத்தாப் பிறகுதான் வெடி. சத்தம் எப்ப வருமெண்டு எனக்கு முதலே தெரியிற ஒரே இடம் இதுதான்" என்றார். சொல்லிவிட்டு என் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்த கத்தரிக்காய்ப் பொரியலில் பாதியை எடுத்துக்கொண்டார்.

2012இல் எங்கள் வீட்டுக்குள் கள்ளர் புகுந்தார்கள். பட்டப்பகல். என் மனைவி பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். முன்கண்ணாடியை உடைத்து உள்ளே வந்து, அலுமாரியைக் கிண்டித் தாலிக்கொடியை எடுத்துப் போய்விட்டார்கள். கொடி போனது போகட்டும். அவள் அந்த நேரம் உள்ளே வந்திருந்தால் என்ற நினைப்பு என்னைத் தின்றது. சத்தம் கேட்டால் எழும்புவேன், சத்தம் இல்லாவிட்டாலும் எழும்புவேன். ஒரு மாதத்தில் தீர்மானித்துவிட்டேன், வீட்டில் ஒரு துவக்கு வேண்டும். பெரிது வேண்டாம், அக்காவுடையது போல ஒரு ருவென்ரி ரூ போதும். உதைக்காது, பெரிதாய்ச் சத்தம் போடாது, மனைவியும் பிடிக்கலாம்.

லைசென்ஸ் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு போய் மதியச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். லைசென்ஸுக்குக் கழகத்தில் சேர்ந்திருக்க வேண்டுமாம், சேர அக்காவின் கையெழுத்து வேண்டும். 2009க்குப் பிறகு படகில் வந்த எத்தனையோ பேருக்கு அகதி விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவன் நான். கை அதற்கே பழகிவிட்டது. 'காரணம்' என்ற இடத்தில் 'இணைப்பைப் பார்க்க' என்று எழுதி, என் உயிருக்கும் என் மனைவியின் உயிருக்கும் உள்ள ஆபத்தை நான்கு பக்கத்தில் விவரித்திருந்தேன். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, உடைந்த கண்ணாடியின் படம், எல்லாவற்றிலும் ஜேபி எனும் சமாதான நீதவானின் முத்திரை. பார்த்தவர் மறுக்க முடியாது என்று எனக்குப் பெருமை வேறு.

அக்கா நான்கு பக்கத்தையும் ஆறுதலாக வாசித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார், கண்ணில் நீர் வருமட்டும்.

"தம்பி, விசாவுக்குத்தான் பயம் வேணும். துவக்குக்குப் பயம் இருக்கக்கூடாது. பாதுகாப்புக்கு எண்டு எழுதினா இந்த நாட்டில தரவே மாட்டாங்கள்."

"அப்ப விளையாட்டுக்கு எண்டு மாத்தி எழுதுறன் அக்கா."

"அது பொய்யெல்லே? நீர் எழுதும். நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

முகத்திலடித்த மாதிரிச் சொன்னாலும் அந்த ஞாயிறே என்னைக் கழகத்துக்குக் கூட்டிப்போனார், ஒருக்கால் தொட்டுப் பார்க்கட்டும் என்று. ஒரு பத்திரத்தில் கையெழுத்திட்டுவிட்டு அவருக்குப் பக்கத்தில் படுத்தேன். மூன்றாவது தோட்டா வெடிக்கவில்லை. என்ன கோளாறு என்று துவக்கைத் திருப்பப் போனேன். என் தோளில் அவர் கை விழுந்தது. "அசையாதேயும். சிலது பிந்தி வெடிக்கும். குழல் முன்னுக்கே பாக்கட்டும்." மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடித்த பிறகுதான் கையை எடுத்தார். அவரிடம் அதற்குத் தனி மணிக்கூடு கிடையாது. கழகத்து வெள்ளைக்காரக் கிழவர்களும் தங்கள் தோட்டா வெடிக்காவிட்டால் அக்கா பக்கம் திரும்பிப் பார்ப்பார்களாம், ஜெபம் முடிந்ததா என்று. சைவக்காரனான நானும் அன்று 'ஆமென்' சொன்னேன்.

திரும்பி வரும்போது காரில் நான் விடவில்லை. "சின்னச் சன்னந்தானே அக்கா, ஆளைப் பயப்படுத்தினாக் காணும்" என்றேன்.

"சின்னன்தான். அதாலதான் சொல்லுறன். நிக்க வேண்டியவன் உடன நிக்கமாட்டான். சன்னம் உம்மட வீட்டு அட்டைச் சுவரைத் துளைச்சுக்கொண்டு போய் அங்கால நிக்கிற ஆரிலயோ படும். ஒரு மைலுக்கு மேல போகுமெண்டு பெட்டியிலயே எழுதியிருக்கு, வாசியும்."

சொல்லோடு விடுகிற ஆளில்லை அவர். எங்கள் வீட்டுக்கே வந்து இறங்கினார். சட்டப்படி துவக்கு ஒரு இரும்புப் பெட்டிக்குள், தோட்டா வேறொரு பூட்டுக்குள். ஆகவே துவக்கு என்று என் குடையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். தோட்டா என்று ஐந்து கச்சான் கடலையை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். "நான்தான் கள்ளன், வாறன்" என்றுவிட்டுப் பின்பக்கத்தால் போனார். பின்கதவு திறந்த சத்தம் கேட்டதும் ஓடினேன். திறப்புக் கோர்வையில் எது எது என்று தெரியவில்லை. ஒரு கச்சான் கட்டிலுக்குக் கீழே உருண்டது. குடையோடு நான் வெளியே வந்தபோது, குசினிக்குள் என் மனைவியும் அவரும் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கள்ளன் ரெண்டாவது கப்பும் கேட்டிட்டான்" என்றார் அக்கா. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப பூட்டாமல் லோட் பண்ணித் தலைமாட்டில வைப்பன்" என்றேன்.

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. கப்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "இனி ஒருநாளும் உமக்கு நான் கையெழுத்து வைக்க மாட்டன். வேற ஆரும் வைச்சாலும் போய்ச் சொல்லித் தடுப்பன். கோவிக்கிறதெண்டா கோவியும்" என்றார். கோபித்தேன். ஐந்து மாதம் வேறு மேசையில் சாப்பிட்டேன். தினமும் "தம்பி, காலமை வணக்கம்" என்பார். நான் பெட்டிகளோடு பேசுவேன். ஒரு துவக்கை மறுத்ததற்காக ஒன்பது வருட நட்பை முறித்த மடையன் நான், இதை இங்கே எழுதித்தான் தீர வேண்டும்.

அந்த இடைவெளியில் எங்கள் பின்னறைக்குச் சுதன் குடிவந்தான். படகில் வந்து, தடுப்பு முகாமில் கிடந்து, தற்காலிக விசாவில் வெளியே விடப்பட்டவன். இருபத்தெட்டு வயது. வீட்டுக்குள் நடப்பதே தெரியாது, அவ்வளவு அடக்கம். ஒரு சனிக்கிழமை பின்னேரம், விடிகாலை வேலை முடித்து வந்து நான் நித்திரை. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். உடுப்புத் தோய்க்கும் அறையின் யன்னல் அரைபடும் சத்தம் கேட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் கிரிக்கெட் மட்டை இருந்தது. ஓடிப்போனேன். யன்னலுக்குள்ளால் ஒரு தலையும் தோளும் உள்ளே வந்திருந்தன. முகத்தைப் பார்க்கவில்லை, முழுப் பலத்தோடும் அடித்தேன்.

"அண்ணை, நான்தான் அண்ணை" என்றான் சுதன்.

திறப்பைத் தொலைத்துவிட்டானாம். மணியை அடித்தால் நான் எழும்பிவிடுவேன் என்று யன்னலால் வந்தானாம். காறை எலும்பு உடைந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். தாதி கேட்டபோது, "விழுந்திட்டன்" என்றான் அவன், என்னைப் பார்க்காமல். என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான் என்று விளங்கியது. நான் வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்து, ஐந்து மாதமாகப் பேசாத அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

இருபது நிமிடத்தில் வந்தார், மாவு காயாத கையோடு. நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். 'அப்பவே சொன்னனான்' என்று ஒரு சொல் வரும் என்று தலையைக் குனிந்து காத்திருந்தேன். அது வரவில்லை. "உள்ள போய் டொக்டரிட்ட உள்ளதைச் சொல்லும். அவன் விசாவில இருக்கிற பிள்ளை, அவன்ர வாயால பொய் வரக்கூடாது. நானும் வாறன்" என்றார். போய்ச் சொன்னேன். டொக்டர் எழுதிக்கொண்டார், சுதனிடம் தனியாகக் கேட்டார், அவ்வளவுதான். எங்களுக்குத்தான் உலகம் இடிந்து விழும் போலிருந்தது.

சுதனின் கையைத் தூக்கிக் கட்டும்போது நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று அழுதேன். மட்டைக்குப் பதிலாக அன்று என் கையில் வேறொன்று இருந்திருக்கும். அதற்காகத்தானே நான்கு பக்கம் எழுதினேன். அக்கா பக்கத்தில் வந்து நின்றார். "எலும்பெண்டா பொருந்தும், தம்பி" என்றார். அதற்குப் பிறகு, சாகும்வரை, அவர் அந்தக் கதையை எடுக்கவே இல்லை.

கடந்த வெள்ளிக்கிழமை அடக்கம். பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேண்டும் என்றபோது சுதன் கேட்காமலே முன்னுக்குப் போனான். நான் அவனுக்குப் பின்னால் பிடித்தேன். நான் உடைத்த அதே தோளில் அக்காவின் பெட்டி இருந்தது. அவன் ஒரு தரமும் தோள் மாற்றவில்லை.

அக்காவை நினைக்க என்ன வைத்திருக்கிறீர்கள் என்று அவருடைய மகள் கேட்டாள், அவருடைய பொருள்களில் ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொன்னாள். வேண்டாம் என்றேன். இன்று காலை நான் எழும்பியபோது சுதன் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தான். "அண்ணை, உங்களுக்கும் போடட்டோ?" என்று கேட்டான். அக்கா எனக்கு வைத்துவிட்டுப் போனது அவனைத்தான்.