ஒரு துளை, இரண்டு வழிகள்

ஈப்போவில் அந்தக் கடைக்குள் காலை வைக்கும்போதே முருகனை நினைத்துக்கொண்டேன். நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு பழையதை மாட்டிவிடுவார்கள் என்று என்னோடு லோரி ஓட்டுபவர்கள் சொல்லி வைத்திருந்தார்கள். மகளின் மடிக்கணினி சார்ஜ் ஏறாமல் அணைந்துவிட்டது. மறுநாள் தஞ்சோங் மாலிம் பல்கலைக்கழகத்தில் அவள் கொடுக்க வேண்டிய ஆய்வேடு அதற்குள் மட்டும்தான் இருந்தது.

கடைக்காரர் பின்மூடியைத் திறந்து பார்த்தார். "சார்ஜ் உள்ள வர்ற வழி ரோசாக் லா அண்ணே. செத்துப்போச்சு. ரெண்டு பொருள் மாத்தணும்."

எனக்குப் பிடிபட்டுவிட்டது. "பொய் சொல்லாதீங்க தம்பி. நேத்து இதே ஓட்டையில வயரச் சொருகித்தான் இவ போனுக்குச் சார்ஜ் போட்டா. ஏறிச்சு. கெட்டுப்போன ஓட்டை எப்படி வேலை செய்யும்?"

"அப்பா!" மகள் என் கையைக் கிள்ளினாள்.

அவர் கோபப்படவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"ஓட்டை ஒண்ணுதாண்ணே. உள்ள வழி ரெண்டு. போனுக்கு வெளிய போற கரண்ட் ஒரு வழி, சார்ஜர்லேர்ந்து உள்ள வர்றது வேற வழி. எதத் தொறக்கணும்னு இந்தச் சிப்புதான் முடிவு பண்ணும். போற வழி நல்லாருக்கு. வர்ற வழியில கரண்ட விடுறதுக்கும் மூடுறதுக்கும் கேட் மாதிரி ரெண்டு பொருள் இருக்கு, அதுதான் போச்சு."

"இருந்த பேட்டரியயும் என் போனு குடிச்சிருச்சுப்பா," என்றாள் மகள்.

"அப்ப ஒரு கேட் போதுமே. எதுக்கு ரெண்டு?" என்றேன் கடைக்காரரிடம்.

"ஒண்ணு மட்டும் இருந்தா, மூடினாலும் பின்பக்கமா ஒழுகும். முதுகோட முதுகா ரெண்டு வச்சாத்தான் ரெண்டு பக்கமும் அடைபடும்."

சார்ஜரும் சிப்பும் பேசி ஒத்துக்கொள்ளும் வரை ஐந்து வோல்ட்தானாம். அப்புறம்தான் இருபது. மீட்டரின் முனையைத் துளையருகே வைத்தார், இருபது காட்டியது. கேட்டுக்கு அந்தப் பக்கம் நகர்த்தினார், ஒன்றுமில்லை.

"வாசல்ல வந்து நிக்குது பாருங்க. உள்ள போகல."

பார்த்தேன். மீட்டரும் அவருடையதுதானே என்று நினைத்தேன்.

"வச்சிட்டுப் போங்க. சாயங்காலம் வாங்க."

"இல்ல, இங்கயே உக்கார்றேன்."

"உக்காருங்க. கண்ண மட்டும் சிமிட்டிராதீங்கண்ணே, போர்டையே முழுங்கிருவேன்."

மகள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முருகா, முருகா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாற்றி முடித்துச் சார்ஜரைச் சொருகியதும் விளக்கு எரிந்தது. மகள் நின்றபடியே ஆய்வேட்டைத் திறந்து, அங்கிருந்தே விரிவுரையாளருக்கு அனுப்பினாள். "போயிருச்சுப்பா," என்றாள். கைகூப்பிக்கொண்டேன்.

பிறகு கேட்டேன்: "கழட்டின பழசக் குடுங்க தம்பி."

மேசையில் ஒரு தட்டு நிறைய அப்படிப்பட்ட துண்டுகள் கிடந்தன. அதிலிருந்து உடைத்த உளுந்து அளவில் கறுப்பாக இரண்டை எடுத்துக் கொடுத்தார். சட்டைப்பையில் இருந்த திருநீற்றுப் பொட்டலத்தில் மடித்து வைத்தேன்.

வீட்டுச் சாமி மேடையில் அவை இன்னும் இருக்கின்றன. எங்கள் மடிக்கணினியில் இருந்தவைதானா என்பது முருகனுக்குத்தான் தெரியும்.