இடும்பி கேட்டது

பத்துமலைக்கு வரும் கூட்டத்துக்கு இடும்பன் கதையைச் சொல்வதுதான் பதினெட்டு வருடமாகப் புனிதாவின் பிழைப்பு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு சொல் பிசகாது. அவள் குடியிருக்கும் சாலாக் செலாத்தானில் அவளை வாயாடி என்றே சொல்வார்கள். அந்த வாய் வீட்டுக்காரர் கமலநாதனிடம் மட்டும் செல்லாது. எதற்கும் 'ம்' என்பார், அவ்வளவுதான்.

அவர் மேரு என்ற ஊரில் லோரி ஓட்டினார். வருடந்தோறும் நாற்பத்தெட்டு நாள் விரதமிருந்து தைப்பூசக் காவடி எடுப்பார். காவடியை இறக்கியதோடு விரதம் முடிந்துவிடாது; மூன்றாம் நாள் வீட்டில் இடும்பன் பூஜை போட வேண்டும். இந்த வருடம் இரண்டாம் நாள் மத்தியானம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

"சாவு விழுந்த வீட்டுல என்னா பூஜை? ஒரு வருஷத்துக்கு நீ மலையும் ஏறக்கூடாது" என்று அக்கா ரமணி தீர்த்துச் சொல்லிவிட்டாள். ஆக, மனுஷனின் விரதம் பாதியில் நின்றது. புனிதாவை உறுத்தியது அது ஒன்றுதான். மற்றபடி அழுகை இல்லை, பசி இல்லை, ஒன்றுமே இல்லை. கருமாதியன்று நாலு பேர் கட்டிப்பிடித்து அவளை அழவைக்கப் பார்த்துத் தோற்றுப் போனார்கள்.

பதினேழாம் நாள் வேலைக்கு வந்துவிட்டாள். தொப்பியைக் கீழே இழுத்துவிட்டால் பொட்டு இருக்கிறதா என்று யார் பார்க்கப் போகிறார்கள்? படிக்கட்டுக்குக் கீழேயே கதையை முடித்துக் கூட்டத்தை மட்டும் மேலே அனுப்பிவிடலாம். கேட்டால் முட்டி வலி.

அன்றைக்குக் கேரி தீவிலிருந்து ஒரு பஸ் நிறையப் பெண்கள் வந்திருந்தார்கள். இடும்பன் இரண்டு மலைகளைக் காவடியாகக் கட்டித் தூக்கி வந்தது, இளைப்பாற இறக்கி வைத்தது, மறுபடி தூக்க முடியாமல் மலைமேல் நின்ற முருகனோடு சண்டை போட்டுச் செத்தது, எல்லாம் ரேடியோ செய்தி மாதிரி வந்தது.

"அப்புறம் பொண்டாட்டி இடும்பி அழுது கேட்டுச்சு. முருகன் உசுரைத் திருப்பிக் குடுத்து, தன் வாசல்ல காவலுக்கு வச்சுக்கிட்டாரு. அதனாலதான் மொதல்ல இடும்பனைக் கும்பிடணும்."

"என்னா சொல்லிக் கேட்டுச்சு?" என்றார் முன்னால் நின்ற நல்லம்மாள் என்ற பெரியவர்.

பதினெட்டு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. புனிதாவுக்குப் பதில் தெரியாது. ஆனாலும் வாய் தானாகத் திறந்தது.

"இவரு வெரதம் இன்னும் முடியல சாமி, முடிச்சிட்டு வரட்டும்னு கேட்டுச்சு."

இது ரேடியோ செய்திக் குரல் இல்லை; நல்லம்மாள் அவளையே பார்த்தார். மற்றவர்கள் படியேறத் தொடங்கியதும் கிட்டே வந்தார்.

"ஒங்க வீட்டுக்காரருக்கு ஒடம்பு முடியலையாம்மா?"

புனிதா ஆமென்று தலையை ஆட்டினாள்.

"கவலைப்படாத லா. பேரு, நட்சத்திரம் சொல்லு. மேல போயி அர்ச்சனை பண்றேன்."

செத்தவர் பேருக்கு அர்ச்சனை செய்வதில்லை என்று தெரியாதவளா அவள்?

"கமலநாதன். விசாகம்."

ஒரு மணி நேரம் கீழேயே நின்றாள். மேலே குருக்கள் அந்தப் பேரை உயிரோடு இருப்பவர்களின் பேர்களோடு சேர்த்துச் சொல்லியிருப்பார். நினைக்க நிம்மதியாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

நல்லம்மாள் மூச்சு வாங்க இறங்கி வந்து ஒரு திருநீற்றுப் பொட்டலத்தை அவள் கையில் வைத்தார்.

"இடும்பன்கிட்டயும் சொல்லிட்டேன். வீட்டுக்குப் போனதும் மொதல்ல அவரு நெத்தியில பூசி விடு."

"சரிங்கக்கா."

பஸ் கிளம்பும்வரை புனிதா சிரித்தபடி கையசைத்தாள். அது திரும்பி மறைந்த பிறகுதான் பொட்டலத்தைப் பிரித்தாள். பூசிவிட அந்த நெற்றி இல்லை. பதினேழு நாளாக வராத அழுகை, அத்தனை பேர் நடமாடும் இடத்தில், சத்தமாக வந்தது.