எதிர் வாசல் பலா

காட்டுக்கு நடுவில் குடியிருந்த எங்களுக்கு மரம் நடச் சொல்லித்தர ஒரு வனத்துறை ஜீப் வந்தது. எழுபதுகளின் கடைசி அது. புதூர்நாட்டுக்கு மேலே எங்கள் தெருவில் எதிரும் புதிருமாகப் பதினாறு வீடுகள். முந்தைய வாரம்தான், காய்ந்த கிளை ஒன்றை ஒடித்தார் என்று எங்கள் தெரு ஆள் ஒருவரை அதே ஜீப் கீழே கூட்டிப்போய் ஒரு பகல் முழுக்க உட்காரவைத்திருந்தது. இப்போது பின்பக்கம் நிறையக் கன்றுகளோடு வந்து நின்றதும் என் வீட்டுக்காரர், "இன்னாடா இது, ஒடிச்சா புடிக்கிறாங்க, நட்டா கும்புடுவாங்களோ?" என்றார்.

வந்த அதிகாரி சமவெளிக்காரர். நல்ல மனுஷர், அதுதான் வினையாகப் போயிற்று. சுற்றுச்சூழல் என்ற வார்த்தையை முதன்முதலாக அவர் வாயால்தான் கேட்டோம். அவர் சொன்னதிலும் தப்பில்லை. சுற்றிலும் மலையெல்லாம் மரம், எங்கள் தெரு மட்டும் மொட்டை. வீடு கட்டும்போது வெட்டியதை வெட்டியாயிற்று, மிச்சத்தை ஆடுகள் பார்த்துக்கொண்டன. சித்திரை மாதம் தெருவில் கால் வைத்தால் கொப்பளித்துவிடும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்க வீட்டு வாசல்ல நீங்களே நட்டுக்கிட்டா அது சுயநலம். ஒவ்வொருத்தரும் எதிர் வீட்டு வாசல்ல நடுங்க. மரத்தோட அன்பும் வளரும்" என்றார்.

ஊர்க்கவுண்டர் பதறிப்போனார். எங்கள் பக்கம் மண் ஒருவருக்கும் மரம் ஒருவருக்கும் இருக்கலாம். கன்று வைத்து மூன்று கோடை தண்ணீர் ஊற்றி ஆளாக்கியவருக்குத்தான் மரம், அது யார் வாசலில் நின்றாலும் சரி. நடுவில் ஒரு கோடை வேறொருவர் ஊற்றிவிட்டால் பாதி மரம் அவருக்குப் போய்விடும். இதையெல்லாம் விளக்கப் பார்த்தவர் கடைசியில், "வேணாங்க, அவங்கவங்க வூட்டு முன்னாடியே வெக்கட்டுங்க. பின்னாடி வம்பாப் பூடும்ங்க" என்று கெஞ்சினார்.

"பெரியவரே, இந்த மனசுதான் மாறணும்" என்று அதிகாரி அவர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

தெருப் பெண்களில் எட்டாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான். உறுதிமொழிக் காகிதத்தை என் கையில் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். "எதிர் வீட்டாரை என் வீட்டாராக நினைப்பேன்" என்று படித்தேன். தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

சிரிப்புக்குக் காரணம் என் எதிர் வீடு. அங்கே இருந்தவள் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி. அவளும் நானும் பேசி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவளுடைய கெடா நான் காயவைத்திருந்த சாமையைத் தின்றது, நான் கல்லை விட்டேன். குறி பார்த்து விடவில்லை என்று ஊரில் சொன்னேன். பார்த்துத்தான் விட்டேன். கெடா நொண்டியது. "கல்லு வுட்ட கை வெளங்காமப் பூடும்" என்று தெருவில் நின்று கத்தினாள். நானா சும்மா இருப்பவள்? "புள்ள இல்லாத வூட்ல கெடாதானே ராஜா!" என்று கேட்டுவிட்டேன். அவள் புருஷன் குடகுப் பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்ப் பொங்கலுக்கு மட்டும் வருவார். வீட்டில் அவளும் ஆடுகளும்தான். அதைச் சொன்ன வாயை இன்றைக்கும் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

கன்றுகளில் பெரும்பாலும் தைல மரம், கொஞ்சம் வேம்பு. பலா இரண்டே இரண்டு. நான் பாய்ந்து ஒன்றை எடுத்தேன். மற்றதை யார் எடுத்தது என்று நிமிர்ந்து பார்த்தால் அவள்! அதிகாரி கைதட்டிக்கொண்டிருக்க, என் பலாவை அவள் வாசலிலும் அவள் பலாவை என் வாசலிலும் நட்டோம். அன்று ராத்திரிச் சோறு எனக்கு இறங்கவில்லை. எத்தனையோ நாளாக ஆசைப்பட்ட பலாக்கன்று, அதைக் கொண்டுபோய் என் சத்துராதி வாசலில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

ஒருவருக்கொருவர் ராசியாக இருந்த வீடுகளின் கன்றுகள் மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. "நீ ஊத்திருப்பன்னு நெனச்சேன்", "நீ கட்டிருப்பன்னு வுட்டேன்" என்று சிரித்துப் பேசிக்கொண்டே எல்லாவற்றையும் ஆட்டுக்குக் கொடுத்தார்கள்.

எங்கள் இரண்டு மட்டும் தழைத்தன. விடிந்ததும் சரிவில் இறங்கி ஒரு குடம் மொண்டுவந்து, நேராக அவள் வாசலுக்குப் போவேன். அவள் கதவைத் திறந்துகொண்டு நிலைப்படியில் நிற்பாள். நான் ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் பார்ப்பேன், அவள் கேட்கட்டும் என்று காறித் துப்புவேன், தண்ணீர் ஊற்றிவிட்டு வருவேன். நான் வீட்டுக்குத் திரும்பிய கையோடு அவள் குடத்தோடு என் வாசலுக்கு வருவாள். இப்போது நான் நிலைப்படியில். ஒரு வார்த்தை கிடையாது.

ஆடு விஷயம்தான் பெரிய பாடு. என் ஆடு அவள் கன்றைக் கடித்தால் அவள் ஆடு என் கன்றைச் சும்மா விடுமா? அந்தப் பயத்தில் என் ஆடுகளை நாள் முழுக்கக் கட்டிப்போட்டு, ஜீப்புக்குத் தெரியாமல் தழை ஒடித்துவந்து போட்டேன். ஒரு நாள் குட்டி ஒன்று கயிற்றை உருவிக்கொண்டு போய், என் வாசலில் நின்ற அவள் பலாவில் இரண்டு இலையைக் கடித்துவிட்டது. ஓடிப்போய்ச் சாணியைக் கரைத்து அவள் கன்று முழுக்கப் பூசினேன். சாணி நாற்றத்துக்கு ஆடு வாய் வைக்காது. சத்துராதி மரத்துக்குக் காவல் காக்கிறோமே என்று நினைக்க நினைக்க எனக்கே என்மேல் ஆத்திரமாக வந்தது. என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இன்னாடி, உங்க அக்கா மரத்துக்கு மஞ்சத் தண்ணியா?" என்று கேலி செய்தார். மறுநாள் போனால் என் கன்றிலும் சாணி பூசியிருந்தது. அவள் ஆடு என்ன செய்ததோ, நான் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் அதிகாரி திரும்ப வந்தார். பதினாறு வாசலில் இரண்டில் மட்டும் பச்சை இருந்ததைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பார்த்தீங்களா, அன்பு!" என்றார். எங்கள் இருவரையும் தனக்கு இரண்டு பக்கமும் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டார். ஊர்க்கவுண்டர் வேறு பக்கம் திரும்பி நின்று இருமினார்.

இரண்டாவது கோடையில் எனக்கு டைபாய்டு வந்தது. வாடகை ஜீப்பில் போட்டுத் திருப்பத்தூருக்குக் கொண்டுபோனார்கள். இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன், அதுவும் சரியாகச் சித்திரையில். ஜுரத்தைவிட அந்தக் கன்றுதான் என்னைத் தின்றது. என் வீட்டுக்காரர் பார்க்க வந்தபோது, "மரத்துக்குத் தண்ணி?" என்று கேட்டேன். "ஆம்பள கொடம் தூக்கினா தெருவே சிரிக்கும். நீ மொதல்ல எழுந்து உக்காரு" என்றார். சரி, செத்தது என்று முடிவு செய்தேன். படுத்தபடியே அழுதேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் யாரோ என் பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து ஆறுதல் சொன்னார்.

ஊருக்குத் திரும்பி ஜீப்பைவிட்டு இறங்கியதும் என் வீட்டைப் பார்க்கவில்லை, எதிர் வாசலைப் பார்த்தேன். என் பலா நின்றது. புதிதாக நாலு கொழுந்து விட்டிருந்தது. அடி மண் ஈரம்.

சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட இல்லை. புரிந்துவிட்டது. ஒரு கோடைத் தண்ணீரை அவள் ஊற்றிவிட்டாள், பாதி மரம் போயிற்று! நான் சாகக் கிடந்த நேரம் பார்த்து என் மரத்தில் பங்கு பிடித்துவிட்டாளே என்று, நிற்கக்கூடத் தெம்பில்லாத உடம்போடு தெருவைத் தாண்டிப் போனேன். அவள் கதவைத் திறந்தாள்.

"யாரக் கேட்டு ஊத்துன நீ? பாதி மரம் வேணுமா உனுக்கு?"

இரண்டு வருஷத்துக்கு மேல் கழித்து அவளிடம் நான் பேசிய முதல் பேச்சு அது.

அவள் திருப்பிக் கத்துவாள் என்று இடுப்பில் கை வைத்துத் தயாராக நின்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். எலும்பும் தோலுமாக இருந்தேன்.

"உன் பாதி மரம் யாருக்குடி வேணும்?" என்றாள். "அது செத்துட்டா நீ எதுக்கு இந்தப் பக்கம் வரப் போற? காலைல கதவத் தெறந்தா எனுக்கு உன் மூஞ்சி ஒண்ணுதான். மொறச்சிக்கினு நின்னாலும் அதுவும் ஒரு ஆளுதானே. வேற யாரு வர்றாங்க எங்கூட்டு வாசலுக்கு?"

இடுப்பிலிருந்து கையை எடுத்தேன். கெடாதானே ராஜா என்று நான் கேட்ட வீட்டு வாசல் அது. அவளே உள்ளே போய் ஒரு மணையை எடுத்துவந்து மரத்தடியில் போட்டாள். அதில் உட்கார்ந்தேன். நிழல் ஒரு முறம் அளவுக்குக்கூட இல்லை.

பாதி மரம் என்ற பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. உடனே கட்டிப்பிடித்து ராசியாகிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் தெருவில் ராசியானவர்களின் மரங்கள் என்ன கதிக்கு ஆளாயின என்பதைத்தான் பார்த்தோமே. அவ்வப்போது ஆட்டைச் சாக்கு வைத்துச் சண்டை போட்டுக்கொண்டோம்.

மூன்று கோடையும் தாண்டி இரண்டு மரமும் ஆள் உயரத்துக்கு மேல் போயின. அதற்குமேல் பலாவுக்கு எங்கள் மலையில் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. வேர் தன் பாட்டைப் பார்த்துக்கொள்ளும். தெருவில் எல்லோருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனாலும் விடிந்ததும் நான் ஒரு குடம் மொண்டுகொண்டு அவள் வாசலுக்குப் போனேன், அவள் கதவைத் திறந்துகொண்டு நின்றாள்.