வெர்னாவின் காது

ஹெட்போனை வெர்னா காதில் மாட்டுவதில்லை. ஒரு பக்கக் குமிழைக் காதுக்குப் பின்னால் எலும்பின்மேல் வைத்து, தொப்பியோடு சேர்த்துப் பழைய துணியொன்றால் இறுக்கிக் கட்டிக்கொள்கிறாள். மறு குமிழ் கன்னத்தில் தொங்கும். பார்க்கிறவர்களுக்குப் பல்வலிக்காரி மாதிரி இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். அப்படியே குனிந்து, தங்கம் தேடும் டிடெக்டரின் வட்டத் தட்டைத் தரைக்கு மேலே தூக்கித் தூக்கி இறக்குவாள். இந்த மண்ணின் சத்தம் இவ்வளவு, இதைக் கண்டுகொள்ளாதே என்று கருவியைப் பழக்குகிற வேலை அது. அப்புறம் நடை. அதை நடை என்று சொல்வதே அதிகம். எறும்பு அவளைத் தாண்டிப் போய்விடும்.

மென்சீஸ் ஊருக்கு வடக்கே மல்கா புதர்க்காட்டில் அவள் மேய்கிற தரை முழுக்க இரும்புக்கல். டிடெக்டருக்கு இந்த மண் ஆகவே ஆகாது. சும்மா தட்டைக் காட்டினாலே முனகும். சில கற்கள் அச்சு அசலாகத் தங்கம் போலவே குரல் கொடுத்து ஏமாற்றும். பெர்த் நகரத்திலிருந்து புத்தம்புதுக் கருவியோடு வருகிறவர்களுக்கு மதியத்துக்குள் தலைவலி வந்துவிடும். சத்தமில்லாத வெள்ளைத் தரையைத் தேடிப் போய்விடுவார்கள். வெர்னா போகமாட்டாள். "கத்துற மண்ணைத்தானே எல்லாரும் விட்டுட்டுப் போறானுங்க? அப்போ மிச்சம் எங்க இருக்கும், உங்க வீட்டுக் கொல்லையிலயா?" என்பாள்.

காலிலோ இடுப்பிலோ இரும்பிருந்தால் கருவி அதற்கும் கத்தும் என்பதால், கட்டின பூட்ஸில் ஓர் ஆணி கிடையாது, இடுப்பு பெல்ட்டில் பக்கிள் கிடையாது. பிக்காசின் தலையில் ஒரு காந்தம் ஒட்டியிருக்கும். குழிக்குள் அதை விட்டுத் துழாவினால் துருப்பிடித்த ஆணியும் கம்பித்துண்டும் ஒட்டிக்கொண்டு வரும். துப்பாக்கி ரவை, மத்தி மீன் டப்பாவின் மூடி, குதிரை லாடம், எது வந்தாலும் அதற்கு ஒரு வசவு உண்டு. தங்கமே வந்தால் வசவில்லை. மண்ணோடு அப்படியே வாயில் போட்டு, மிட்டாய் மாதிரி உறிஞ்சி, செம்மண்ணைத் துப்பிவிட்டுக் கன்னத்தில் அதக்கிக்கொள்வாள். குழியை மூடி மிதித்துவிட்டுத்தான் வெளியே எடுப்பாள். "சட்டைப் பையில ஓட்டை விழும். வாயில விழுமா?"

அவளுடைய முகாமில் இன்னும் இரண்டு பேர். தண்ணீர் வண்டி வைத்திருக்கும் ஸ்லாவ்கோ ஒருவன். இன்னொருவன் மெர்வ், ஆள் கெட்டவனில்லை, வாய்தான் நீளம். முகாமுக்கென்று ஒரே ஒரு சட்டம்: தோண்டி எடுத்தவருக்கே சொந்தம். ஒரு தடவை வெர்னா பாதி கொத்திய குழியை விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போன நேரத்தில், மெர்வ் அதே குழியை இன்னும் ஒரு சாண் கொத்தி, அவரைக்கொட்டை அளவில் ஒரு கட்டியை எடுத்துவிட்டான். போய்க் கேட்டாள். "சட்டம் சட்டம்தான்மா" என்று பல்லைக் காட்டினான். அதை விற்கவும் இல்லை. புகையிலை டப்பாவில் போட்டு வைத்து, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் திறந்து காட்டினான். அந்த டப்பா மூடி திறக்கிற ஒவ்வொரு முறையும் வெர்னாவுக்கு வயிறு எரியும்.

இந்த வருடம் வேறொரு தொல்லை. வண்டிப்பாதையில் அவள் நடந்துகொண்டிருந்தபோது பின்னால் வந்த ஸ்லாவ்கோ ஹார்னை அழுத்து அழுத்து என்று அழுத்தியும் அவள் திரும்பவில்லை. புதருக்குள் வண்டியை இறக்கித்தான் போக வேண்டியிருந்தது. மெர்வ் அன்றைக்கே பெர்த்துக்குப் போன் போட்டு அவள் மகன் கிரேகிடம் சொல்லிவிட்டான். மகன் தாயிடம் கேட்டது ஒரே கேள்வி: "காது கேக்கலைன்னா காட்டுல தனியா என்னம்மா பண்ணுவே? நான் வந்து கூட்டிட்டு வந்துடறேன்."

"அந்த அடுக்குமாடியில உக்காந்து நான் என்னடா பண்ணுவேன், லிஃப்ட் மேல போகுது கீழ வருதுன்னு பாத்துட்டிருப்பேனா?" என்று போனை வைத்துவிட்டாள். ஆனால் பயம் இருந்தது. பக்கத்துப் பேச்சு கேட்கிறது, ஆனால் பறவைகளின் கீச்சுக்குரல் அவளை விட்டுப் போய்க் கொஞ்ச காலம் ஆகிறது. ஹெட்போன் குமிழ் எலும்புக்கு ஏறியதும் அதனால்தான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"அப்போ பரீட்சை வெச்சிடலாம். என் கட்டியை இந்த இரும்புக்கல் தரையில புதைச்சு வெக்கறேன். நீ கண்டுபிடி. முடியலைன்னா வண்டிச் சாவியைக் கொடுத்துட்டு மகன் வீட்டுக்குக் கிளம்பு" என்றான் மெர்வ்.

"எந்தக் கட்டி?"

"அதேதான்."

வெர்னா கழுத்துக் கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றி ஸ்லாவ்கோவின் உள்ளங்கையில் வைத்தாள்.

சாயங்காலம் மெர்வ் போய்ப் புதைத்துவிட்டு, அடையாளத்துக்கு ஒரு குச்சியையும் நட்டுவிட்டு வந்தான். காலையில் வெர்னா வருவதற்கு முன் அதைப் பிடுங்கிவிடுவது அவன் திட்டம். விடிந்ததும் போய்ப் பார்த்தால் குச்சியைக் காணோம். காற்றில் போயிருக்கும், இடம்தான் தெரியுமே, இதோ இந்தப் புதருக்கு இந்தப் பக்கம் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

வெர்னா ஓரத்திலிருந்து வந்தாள். அந்தப் புதரைத் தொட்டாள். கடந்தாள்.

"தாண்டிட்டா! தாண்டிட்டா!" என்று மெர்வ் குதித்தான். அவள் பாட்டுக்கு நடந்தாள். ஸ்லாவ்கோ ஓடிப்போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் நிமிர்ந்தாள். "முடிஞ்சுது வெர்னா" என்றான் அவன், முகத்தைப் பார்க்காமல். அவள் டிடெக்டரைக் கீழே வைக்கவில்லை. "எங்கே, எடுத்துக் காட்டச் சொல்லு" என்றாள்.

மெர்வ் கொத்தினான். இல்லை. பக்கத்தில் கொத்தினான். அங்கேயும் இல்லை. தன் டிடெக்டரை எடுத்து வந்து ஆட்டினான். தரை முழுக்க உறுமியது. கல்லுக்கெல்லாம் குழி வெட்டினான். வியர்த்து வழிந்தது.

"மெர்வ், நீ ஊனின குச்சி உரிச்ச மல்கா குச்சியா?" என்று கேட்டான் ஸ்லாவ்கோ.

"ஆமா, ஏன்?"

ஸ்லாவ்கோ முகாம் பக்கம் கையைக் காட்டினான். அங்கே மெர்வின் நாய் டிங்கர், முன்னங்கால் இரண்டுக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் குச்சியை வைத்து நிதானமாகக் கடித்துக்கொண்டிருந்தது.

மெர்வ் சுற்றிலும் பார்த்தான். எல்லாப் புதரும் ஒரே மாதிரி. எல்லாக் கல்லும் ஒரே நிறம். "ஐயையோ" என்றான். வெர்னா பிக்காசின்மேல் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"ஏம்மா வெர்னா, கொஞ்சம் நீயே..."

"யோவ், நான்தான் செவிடாச்சே!"

சொன்னாளே ஒழிய, நிறுத்திய இடத்திலிருந்தே தொடங்கினாள். சாவி இன்னும் ஸ்லாவ்கோவின் கையில்தான் இருந்தது. கிடைக்காவிட்டால் பெர்த்துதான், லிஃப்ட்டுதான். துணியை இன்னும் இறுக்கிக் கட்டினாள். தட்டு தரையை உரசாமல் நகர்ந்தது. எலும்பில் மண்ணின் முனகல் ஓயாமல் வந்தது. அது வரட்டும், அது வேண்டாம். அடுத்த புதர். அதற்கும் அடுத்த புதர். மெர்வ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

ஓரிடத்தில் முனகல் லேசாக உயர்ந்து தாழ்ந்தது. சத்தம் என்று சொல்ல முடியாது, காதுக்குப் பின்னால் ஒரு சின்ன அசைவு. வெர்னா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். குறுக்கே ஒருமுறை வீசிப் பார்த்தாள். மறுபடியும் உயர்ந்து தாழ்ந்தது. பிக்காசால் மேல்மண்ணைச் சீவினாள். காந்தத்தில் எதுவும் ஒட்டவில்லை. பிளாஸ்டிக் அகப்பையில் மண்ணை அள்ளி, பாதியைக் கொட்டி, மீதியைத் தட்டுக்கு மேலே ஆட்டினாள். அகப்பைக்குள்ளிருந்து வந்தது அந்த அசைவு. விரலால் துழாவினாள். அவரைக்கொட்டை.

"அடிச்சாடா கிழவி!" என்று ஸ்லாவ்கோ தொப்பியை வீசினான்.

வெர்னா கட்டியை வாயில் போட்டுக்கொண்டாள். உறிஞ்சினாள். செம்மண்ணை மெர்வின் பூட்ஸுக்குப் பக்கத்தில் துப்பினாள். குழியை மூடி மிதித்தாள். ஸ்லாவ்கோவின் கையிலிருந்து சாவியை எடுத்துக் கழுத்துக் கயிற்றில் மாட்டினாள். மெர்வ் புகையிலை டப்பாவைத் திறந்து நீட்டிக்கொண்டே பின்னால் வந்தான். "ரொம்ப நன்றிம்மா. சரி, கொடு. ஏய் வெர்னா, கொடும்மா! விளையாடாதே, அது என்னுது! வெர்னா!"

அவள் திரும்பிப் பார்த்தாள். ஒரு கன்னம் உப்பியிருந்தது. காதைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தாள். பிறகு குனிந்து, தட்டைத் தரைக்கு மேலே பிடித்து, அடுத்த புதரைப் பார்த்து நடந்தாள்.