கூப்பனில் எழுதிய எண்

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆடி மாதம். மண்ணூர்பேட்டையில் புதிதாகத் திறந்திருந்த வீட்டு உபயோகப் பொருள் கடைக்கு மிக்ஸி ஜார் வாங்கப் போனேன். என்ன வாங்கினாலும் ஒரு கூப்பன், ஞாயிற்றுக்கிழமை குலுக்கல், முதல் பரிசு வாஷிங் மெஷின் என்றார்கள். எனக்கு இந்த அதிர்ஷ்டக் கதையெல்லாம் ஆகவே ஆகாது. ஆனால் வாசலில் ரிப்பன் கட்டி வைத்திருந்த அந்த மெஷினைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது.

காரணம் இருந்தது. என் கணவர் இறந்து அப்போது ஐந்து மாதம். மகன் போன அதிர்ச்சியில் மாமியார் படுத்த படுக்கையாகிவிட்டார். தினமும் மூன்று, நான்கு போர்வையாவது துவைக்க வேண்டும். எக்ஸ்போர்ட் கம்பெனியில் நாள் முழுக்கத் தைத்துவிட்டு வந்து அந்த ஈரப் போர்வைகளைப் பிழிந்தால், வலது தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருக்கும். பிழியாதீர்கள் என்று டாக்டர் சுலபமாகச் சொல்லிவிட்டார். அவரா வந்து பிழியப் போகிறார்?

அங்கேயே நின்று கூப்பனை நிரப்பிப் பெட்டியில் போட்டேன். நேரில் வர வேண்டாம், விழுந்தால் போன் செய்வோம், எடுத்துப் பேசினால் போதும் என்றார்கள். ஞாயிறு எனக்கு ஓவர்டைம். சூப்பர்வைசரிடம் கெஞ்சி, போனை மடியில் வைத்துக்கொண்டே தைத்தேன். ஒரு தடவைகூட அடிக்கவில்லை.

மறுநாள் மனசு கேட்காமல் கடைக்குப் போய், கூப்பனில் கிழித்துக் கொடுத்திருந்த பாதிச் சீட்டை நீட்டினேன். கவுன்ட்டரில் இருந்த பெண்ணின் முகம் மாறியது.

"அக்கா, உங்க பேருதான்கா மொதல்ல வந்துச்சு. மூணு வாட்டி போன் போட்டோம், ஸ்விட்ச் ஆஃப்னே வந்துச்சு. அப்பால வேற சீட்டு எடுத்துட்டாங்க."

எனக்கு வந்ததே கோபம்! "இன்னாம்மா கதை வுடுற? நேத்து பூரா என் போனு ஆன்லதான் இருந்திச்சு. உங்களுக்கு வேண்டியவங்களுக்குத் தூக்கிக் குடுத்துட்டு ஸ்விட்ச் ஆஃப்னு சொல்லிகினு கீறியா?"

கடையே திரும்பிப் பார்த்தது. போலீசுக்குப் போவேன் என்றுகூடக் கத்தினேன். அந்தப் பெண் டிராயரைத் திறந்து என் கூப்பனை எடுத்து முன்னால் வைத்தாள்.

கையெழுத்து என்னுடையது. பெயரும் என்னுடையது. எண் மட்டும் என் கணவருடையது.

எங்கள் தெருவில் பெண்கள் தங்கள் நம்பரை வெளியில் கொடுக்க மாட்டார்கள். கேஸ், ரேஷன், ஆஸ்பத்திரி, எங்கே கேட்டாலும் வீட்டுக்காரர் நம்பர்தான். பதினெட்டு வருடம் எழுதிப் பழகிய கை அன்றும் அதையே எழுதியிருக்கிறது. அந்தப் போனோ சார்ஜ் இல்லாமல் பீரோவில் துணிகளுக்கு அடியில் கிடந்தது.

"இது உங்க நம்பர் இல்லியாக்கா?"

"எங்க ஊட்டுக்காரரோடது" என்றேன். அத்தனை பேர் முன்னால் திட்டியதற்கு ஒரு மன்னிப்புகூடக் கேட்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது. அவளாகவே, தீபாவளிக்கு இன்னொரு குலுக்கல் இருக்கிறது, உங்கள் நம்பரைச் சொல்லுங்கள் என்று பேனாவை எடுத்தாள். எனக்கு என் நம்பர் தெரியவில்லை. போனில் தேடிப் பார்த்துத்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்து போர்வைகளை ஊறவைத்துவிட்டு, மாமியாருக்குக் கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இப்போது என் நம்பர் எனக்கு மனப்பாடம். ஆனாலும் யாராவது கேட்டால் அவருடைய எண்தான் முதலில் வாய்க்கு வருகிறது. அதை விழுங்கிக்கொண்டு என்னுடையதைச் சொல்வதற்குள், அவர் இல்லை என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தெரிந்துகொள்கிறேன்.