ஒரு முஸ்லிம் வியாபாரி, ஒரு தமிழ்ப் படகோட்டி

ராத்தா என்று நாங்கள் கூப்பிடும் அந்த முஸ்லிம் அக்கா தன் கதிரையை என்னிடமிருந்து தள்ளிப் போட்ட சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. சீமெந்துத் தரையில் பிளாஸ்ரிக் கால் இழுபடுகிற சத்தம். அதற்குச் சற்று முன்புவரை என்னை "மகள்" என்று கூப்பிட்டபடி, நான் போட்டுக் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். பிறகு நான் என் அப்பா யார் என்று சொன்னேன். நகரக் கரைக்கும் மூதூர்க் கரைக்கும் இடையில் அவர் ஓட்டிய படகைப் பற்றிச் சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்தார், கதிரையைத் தள்ளினார், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. எங்கள் வீட்டில் அவருடைய கணவருக்குக் கிடைத்துவந்த மரியாதை அதைவிட மோசமானது.

நான் திருகோணமலை நகரில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சேர் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். காணாமற்போனவர்களின் குடும்பங்கள் வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த கடதாசிகளெல்லாம் எப்படியோ எங்களிடம் வந்து குவிந்துவிட்டன. பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதிகள், ஆட்கொணர்வு மனுக்கள், விசாரணைக் குறிப்புகள், ஒவ்வொரு ஆணைக்குழுவுக்கும் திரும்பத் திரும்பக் கொடுத்த வாக்குமூலங்கள். கறையான் தின்றது போக மிஞ்சியதைப் பிரித்து, சிங்களத்தில் இருப்பதைத் தமிழாக்கி, யாருடைய பெயர் எந்தக் கடதாசிக் கட்டில் வருகிறது, யார் யாரோடு கடைசியாகக் காணப்பட்டார் என்று கணினியில் ஏற்றுவது என் வேலை. என் அப்பாவின் கட்டும் அதற்குள் இருந்தது. அதை நான் எடுத்துப் பார்ப்பதில்லை. அம்மா அதை எனக்குப் பாடமாகவே சொல்லியிருந்தார்.

அந்த அலுவலகத்துக்கு நான் போன முதல் நாள் இரண்டு அலுமாரிகளைக் காட்டினார்கள். ஒன்று தமிழாக்களின் கட்டுகள், மற்றது முஸ்லிம்களின் கட்டுகள். யாரும் அப்படி வைக்கச் சொல்லவில்லை. வந்தபடியே வைத்தார்கள். எங்கள் காணாமற்போனோர் சங்கத்துக்காரர் எங்களுடையதைக் கொண்டுவந்தார்கள், பள்ளிவாசல் பக்கத்தார் தங்களுடையதைக் கொண்டுவந்தார்கள். சேர் இவ்வளவு படித்தவர், அவருக்கும் அது விசித்திரமாகத் தோன்றவில்லை. ஒரே குடாவில் தொழில் செய்தவர்கள், ஒருவர் பிடித்த மீனை ஒருவர் விற்றவர்கள், காணாமற்போன பிறகு தனித்தனி அலுமாரியில் இருந்தார்கள். இதை எழுதும்போதே எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

பெயரை வைத்துத் தேடினால் இந்த இரண்டு அலுமாரியும் ஒருநாளும் ஒன்றையொன்று சந்திக்காது. ஏனென்றால் தமிழாக்களின் வாக்குமூலங்களில் முஸ்லிம்களுக்குப் பெயர் இல்லை, முஸ்லிம்களின் வாக்குமூலங்களில் தமிழருக்குப் பெயர் இல்லை. 'ஒரு முஸ்லிம் வியாபாரி.' 'ஒரு தமிழ்ப் படகோட்டி.' 'ஒரு முஸ்லிம் இளைஞர்.' கட்டுக்குக் கட்டு இதுதான். எரிச்சலில்தான் நான் கணினி அட்டவணையில் இன்னொரு நிரலைச் சேர்த்தேன். காணாமற்போனவர் யார், முறைப்பாடு செய்தவர் யார் என்பதோடு, அதை எழுதி எடுத்த அதிகாரி யார் என்றும் போடத் தொடங்கினேன். சாட்சிகளின் பெயர்கள் மாறலாம், ஊர்கள் மாறலாம், ஆனால் அடியில் கையெழுத்து வைத்தவன் ஓடி ஒளிய இடமில்லை. அந்த நிரலை நிரப்புவதற்காகத்தான் அப்பாவின் கட்டையும் அவிழ்க்கவேண்டி வந்தது.

சண்டைக் காலத்தில் விசாரணைக்கென்று வந்திருந்த ஒரு அதிகாரி, குடாவின் இரண்டு கரையிலும் மாறி மாறி இருந்து முறைப்பாடுகள் எழுதியிருக்கிறார். அம்மாவின் முறைப்பாட்டை எழுதியவர் அவர்தான். அதே வாரத்தில் மறுகரையில் ஒரு மூதூர்ப் பெண்ணின் முறைப்பாட்டையும் அவரே எழுதியிருந்தார். இரண்டையும் தமிழாக்கி முடித்ததும் கடைசி வரிகளை இன்னொருதரம் வாசித்தேன். அம்மாவின் வாக்குமூலம் இப்படி முடிந்தது: 'எனது கணவரை ஒரு முஸ்லிம் வியாபாரி காட்டிக் கொடுத்திருக்கலாம் என நான் சந்தேகிக்கிறேன்.' அந்தப் பெண்ணின் வாக்குமூலம் இப்படி முடிந்தது: 'எனது கணவரை ஒரு தமிழ்ப் படகோட்டி காட்டிக் கொடுத்திருக்கலாம் என நான் சந்தேகிக்கிறேன்.' நாள் ஒன்று. படகு ஒன்று. படகில் ஏற்றிய ஐஸ் பெட்டிகளும் இரண்டிலும் இருந்தன. இரண்டு பெண்களுக்கும் சிங்களம் வாசிக்கத் தெரியாது. காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்திருந்தார்கள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அந்த வியாபாரியின் பெயரைக் கேட்டேன். அன்புவழிபுரத்து வீட்டின் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். பெயரை ஏன் கேட்கிறாய் என்றார். பிறகு யோசித்துப் பார்த்துவிட்டு, தனக்கே தெரியாது என்றார். அண்ணன் என்பதுபோல நானா என்றுதான் அப்பா கூப்பிடுவாராம், அதனால் அம்மாவுக்கும் அவர் நானாதான். மீன் வாங்க வருகிறவர், அப்பாவின் படகிலேயே வந்து ஐஸ் ஏற்றிக்கொண்டு மூதூருக்குத் திரும்புகிறவர். காணாமற்போன அன்று காலையிலும் எங்கள் பழைய வீட்டு முற்றத்தில் நின்று பிளேன்ரீ குடித்துவிட்டுத்தான் அப்பாவோடு படகேறினார்.

"நானா எண்டுதான் முறைப்பாடு எழுதினவனிட்டச் சொன்னனான். பேர் என்னெண்டு கேக்கேல்லை. தான் பாட்டுக்கு எழுதினவன்," என்றார் அம்மா. "உன்ர புருசன்தான் வரேல்லை, அந்த வியாபாரி மூதூர்ச் சந்தையில நிண்டு மீன் விக்கிறான், போய்ப் பார் எண்டு சொன்னவன்."

போய்ப் பார்க்க முடியாது என்று தெரிந்துதான் அவன் அதைச் சொன்னான். அந்த நாட்களில் ஒரு தமிழ்ப் பெண் கைக்குழந்தையோடு மூதூர்க் கரையில் இறங்கி ஒரு முஸ்லிம் வீட்டைத் தேட முடியுமா? அவ்வளவு பகையை இரண்டு ஊருக்கும் நடுவில் வளர்த்து வைத்திருந்தார்கள். அம்மா நம்பினார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் விளக்கு வைக்கும் நேரமெல்லாம் அந்த மனிதனுக்குத் திட்டுத்தான். அவன் குடும்பம் விளங்காது, அவன் கால் அழுகும், கடல் அவனைக் கொள்ளும். தேவாரத்தோடு சேர்த்து இதையும் கேட்டு வளர்ந்த பிள்ளை நான்.

மறுவாரம் ராத்தாவை அலுவலகத்துக்கு வரச்சொன்னேன். அவர்தான் அந்த மூதூர்ப் பெண். பிள்ளைகள் இல்லை. தம்பி வீட்டோடு இருந்தார். கணவரின் கட்டைப் பார்க்க அதற்கு முன்பும் வந்திருக்கிறார், அதனால் அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் ராத்தா. அன்றுதான் கதிரையைத் தள்ளினார். இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலில் அம்மாவினதை வாசித்தேன், பிறகு அவருடையதை வாசித்தேன். இன்னொருக்கா வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"உங்கட வாப்பா திரும்பி வரவே இல்லையா மகள்?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அவருடைய முகத்தை அதற்குமேல் என்னால் பார்க்க முடியவில்லை. அந்த நாளில் மூதூர்க் கரையில் படகு வெறுமனே கிடந்ததையும் பெட்டியில் ஐஸ் கரைந்து ஓடியதையும் பார்த்துவிட்டு அந்த அதிகாரியிடம் போயிருக்கிறார் ராத்தா. தம்பியோடுதான் போனவர் என்று சொல்லியிருக்கிறார். என் அப்பாவை அவர்கள் வீட்டில் தம்பி என்பார்களாம். அந்தத் தமிழன் வேறு படகில் ஏறிப் பத்திரமாக வீட்டுக்குப் போய்விட்டான், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறான் என்று சொல்லியிருக்கிறான் அதிகாரி. அம்மாவின் மடியில் நான் இருந்ததைப் பார்த்துவிட்டுப் போய் அந்தப் பொய்க்கு என்னையும் சேர்த்துக்கொண்டான். இவ்வளவு நுணுக்கமாகப் பொய் சொல்லத் தெரிந்தவனுக்கு அந்த இரண்டு பேரும் எங்கே என்று தெரியாமலா இருந்திருக்கும்?

ஆத்திரப்பட எனக்கு அந்த அதிகாரி மட்டும் போதாது. இரண்டு கட்டையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே மனுவாகப் போடுவோம் என்று சேர் சொன்னதும் இரண்டு பக்கத்திலும் கிளம்பிவிட்டார்கள். எங்கள் சங்கத்தில் ஒரு ஐயா, அவர்களின் கேசை எங்களோடு சேர்த்தால் எங்கள் கேஸ் பலவீனமாகும் என்று எனக்கு வகுப்பெடுத்தார். மூதூரில் ராத்தாவின் உறவினர் ஒருவர், தமிழாக்களோடு சேர்ந்து மனுப் போட்டால் ஊரில் என்ன கதைப்பார்கள் என்று கேட்டாராம். பழசைக் கிளறவேண்டாம் என்று இரண்டு பேரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். அதில் மட்டும் நல்ல ஒற்றுமை. மனு அப்படியே நின்றது. வெளியிலிருந்து வந்த ஒருவன் ஒரே வசனத்தை இரண்டு தரம் எழுதிவிட்டுப் போனான். அதை இவ்வளவு காலமும் அழியாமல் காப்பாற்றிக் கொடுத்தது நாங்கள்தான்.

ராத்தா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருநாள் மூதூர்த் தயிர்ச் சட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு வாக்குமூலத்தையும் அதற்குமுன்பே அவருக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். வெறுப்பு ஒன்றுமில்லை, வெட்கம். இத்தனை காலமும் ஒரு மனிதனைத் திட்டிவிட்டு அவனுடைய மனைவியின் முகத்தில் எப்படி முழிப்பது? ராத்தா கதவுக்கு வெளியே இருந்து, தானும் திட்டியதாகவும், தன்னுடைய திட்டு இதைவிட மோசம் என்றும் கதவைப் பார்த்துச் சொன்னார். கதவு திறக்கவில்லை. நான் தேநீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, அம்மாவை வற்புறுத்தவேண்டாம் என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தயிரை அம்மா தொடவில்லை, கொட்டவும் விடவில்லை.

பிறகும் அவர் அலுவலகத்துக்கு வருவார். வாக்குமூலத்தில் கணவரின் பெயர் வரும் இடத்தைக் காட்டச் சொல்லி, அந்தச் சிங்கள எழுத்தின் மேல் விரலை வைத்துப் பார்ப்பார். எங்கள் அப்பாவைப் பற்றி எனக்குத் தெரியாத விசயங்களை அவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்பா இடியப்பத்துக்குச் சீனி போட்டுச் சாப்பிடுவாராம். காற்று எழும்பினால் ராத்தாவின் கணவர் வாளியால் தண்ணீர் இறைக்க, அப்பா அவரைக் கேலி செய்துகொண்டே படகை விடுவாராம். அம்மா ஒருநாளும் சொல்லாத கதைகள் இவை. அம்மாவுக்கு நினைவு வரும்போதெல்லாம் கோபம் முந்திக்கொள்ளும், அப்பா பின்னுக்குப் போய்விடுவார். அவனுடைய ஒரு வசனம் எங்களிடமிருந்து அப்பாவின் சிரிப்பையும் எடுத்துக்கொண்டது.

மாரி தொடங்கிய நேரம் ராத்தா மௌத்தாகிவிட்டார். காய்ச்சல் என்று படுத்தவர் எழும்பவில்லை. அடக்கம் முடிந்த பிறகுதான் எங்களுக்குச் செய்தி வந்தது. அதற்குப் பின்னால் அலுவலக விலாசத்துக்கு அவர் பெயரில் ஒரு கடிதம் வந்தது. காணாமற்போனோரைப் பற்றி விசாரிக்கும் அலுவலகமொன்று அவரைச் சாட்சியத்துக்கு அழைத்திருந்தது. உரியவர் சமுகமளிக்காவிட்டால் கோப்பு மூடப்படும் என்று அடியில் எழுதியிருந்தது. உயிரோடு இருந்தவரை ஒருதரமும் கூப்பிடாதவர்கள் அவர் போன பிறகு கூப்பிட்டார்கள். ராத்தாவின் தம்பி மகனோடு கதைத்தேன். தான் பிறக்கமுதல் நடந்த விசயத்துக்குத் தான் போய் என்னத்தைச் சொல்வது என்று கேட்டார். அவரைக் குறை சொல்லமுடியாது. ஆனால் அந்தக் கோப்பு மூடப்பட்டால் அப்பாவின் கட்டில் ராத்தாவின் கணவர் பிறகு எப்போதும் காட்டிக் கொடுத்தவராகவே இருப்பார். இரவுச் சாப்பாட்டின்போது இதைச் சொல்லிப் புலம்பினேன். அம்மா சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தார்.

விசாரணை நாளன்று நான் எழும்பியபோது அம்மா குளித்து, வெள்ளைச் சேலை உடுத்து, செருப்பையும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. கூட்டிக்கொண்டு போனேன்.

தமிழ் தெரிந்த ஒரு இளம் அதிகாரிதான் இருந்தார், மரியாதையாகத்தான் பேசினார். அம்மா தன் அடையாள அட்டையை நீட்டினார். அவர் அதையும் கோப்பில் இருந்த பெயரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது ஒரு முஸ்லிம் பெண்ணின் முறைப்பாடு, அம்மாவின் கோப்பு வேறு, அதற்கு வேறொரு நாளில் கூப்பிடுவார்கள் என்று விளக்கினார். தெரியும் என்றார் அம்மா. முறைப்பாடு செய்தவர் இறந்துவிட்டார் என்றார், தான் அவருக்குப் பதிலாக வந்திருப்பதாகச் சொன்னார். காணாமற்போன அன்று காலை அந்தப் பெண்ணின் கணவர் தங்கள் வீட்டு முற்றத்தில் நின்று பிளேன்ரீ குடித்தார், தன் கணவரோடு ஒரே படகில் ஏறினார், அதைக் கண்ணால் கண்டது தான் என்றார்.

அதிகாரி தயங்கினார். உறவினர் அல்லாதவரிடம் இந்தக் கோப்புக்குச் சாட்சியம் எடுக்க வழி இல்லை என்றார். பிறகு, வழி ஏதாவது இருக்குமோ என்று தானே தேடுகிறவரைப் போல, "நீங்கள் காணாமற்போனவருக்கு என்ன உறவம்மா?" என்று கேட்டார்.

அம்மா மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

"ஒரு குற்றமும் செய்யாத அந்த மனுசனை, நான் இவ்வளவு காலமும் ஒரு நாள் விடாமல் திட்டினனான் தம்பி. அவருக்காகக் கதைக்கிறதுக்கு இதைவிட என்ன உறவு வேணும்?"