ஏறினால் தூங்க வைக்கிற கார்

சைலன்சர்காரருக்கு வாயில் மட்டும் சைலன்சர் கிடையாது என்று தெருவில் எல்லோரும் சொல்வார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அதையே வருகிற கஸ்டமர்களிடம் தன் சொந்தச் சரக்கு போலச் சொல்லிச் சிரிப்பார். காரில் புகைக்குழாயைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை என்று அவருக்கு ஒரு வைராக்கியம். பிரேக் பார்க்கச் சொன்னால், "அது எதிர்க்கடை" என்பார். டயர் என்றால் அதுகூடச் சொல்லாமல் கையை மட்டும் நீட்டிக் காட்டுவார்.

ஆனால் எஞ்சினிலிருந்து வால் வரை ஓடுகிற அந்தக் குழாயில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் போதும், வண்டி தெருமுனை திரும்பும்போதே கண்டுபிடித்துவிடுவார். 'டிக் டிக்' என்று அடித்தால் முன்பக்கத்து கேஸ்கெட் போய்விட்டது. 'புஸ்' என்று சீறினால் நடுவில் ஜாயின்ட் விட்டிருக்கிறது. தொண்டை கட்டினவர் பாடுகிற மாதிரி இருந்தால் பின்னால் சைலன்சர் டப்பாவே இற்றுவிட்டது. வண்டிக்காரர் இறங்குவதற்குள் பாதி வியாதியைச் சொல்லி முடித்திருப்பார்.

காதைக் கொடுத்த கடவுள் அவரிடமிருந்து மூக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டார். காலமெல்லாம் புகைக்கு நடுவே நின்று நின்று வாசனை என்கிற சமாச்சாரமே அவருக்கு மறந்துபோய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்து அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தாலும் இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். கேட்டால், "பால் சத்தம் போடலையே" என்று பதில் வேறு.

அவருடைய பெருமை தொழிலில் இல்லை, கார் ஓட்டுவதில் இருந்தது. தன் பழைய காரில் யார் ஏறினாலும் பத்து நிமிடத்தில் தூங்கிவிடுவார்கள் என்று மார்தட்டிக்கொள்வார். உண்மையும் அதுதான். மனைவி தூங்கினாள். மச்சினர் தூங்கினார். ஊர் வம்பு முழுவதையும் சொல்லி முடிக்காமல் வண்டியை விட்டு இறங்காத சம்பந்தியம்மாகூட ஒரு தடவை பேச்சுக்கு நடுவிலேயே கண்ணை மூடிவிட்டார். "ஸ்டியரிங்கப் பிடிக்கத் தெரியணும்" என்று, தன் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் இறக்கி முகத்தில் காற்று வாங்கி ஓட்டியபடியே, அதற்கு அவர் விளக்கம் கொடுத்தார்.

இந்தப் புகழ் உச்சிக்குப் போனது பேத்தி வந்தபிறகுதான். மகள் கைக்குழந்தையோடு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தை பகலெல்லாம் சமர்த்து. சாயங்காலமானால் யாரோ சம்பளம் கொடுத்து அழச் சொன்ன மாதிரி அழும். தோளில் போட்டு நடந்தாலும் அழும், மடியில் போட்டு ஆட்டினாலும் அழும். ஒருநாள் இவர் பொறுக்கமுடியாமல், "கொண்டா இங்க" என்று மனைவியைக் குழந்தையோடு பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். கடைத்தெரு தாண்டுவதற்குள் பேத்தி தூங்கிவிட்டது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் சவாரி. மகள் அந்த அரைமணி நேரத்தில்தான் குளிப்பாள், தலை வாரிக்கொள்வாள், கொஞ்சம் சும்மா உட்காருவாள். பேத்தியைத் தூங்கவைக்கிற ஒரே ஆள் தான்தான் என்பதில் சைலன்சர்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் மத்தியானம் ஒரு டீச்சர் தன் காரோடு கடைக்கு வந்தார். சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை, ஆனால் வண்டியில் ஏறினாலே தலை வலிக்கிறது என்றார். கடையின் முன்மேசையில் உட்கார்ந்து போனை எடுப்பதும் பில் போடுவதும் சைலன்சர்காரரின் மனைவி. அவள் பில் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தாள்.

"இறங்கி வீட்டுக்குப் போனா சரியாயிடுதா?" என்று கேட்டார் சைலன்சர்காரர்.

"ஆமா. தூக்கம் தூக்கமா வேற வருது."

இப்படி ஒரு பதிலுக்காகத்தான் அவர் பிறந்ததே. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் பிரசங்கத்தை ஆரம்பித்தார். "அது தூக்கம் இல்லைங்க, மயக்கம். பைப்ல எங்கயோ லீக் ஆகி, புகை வெளிய போறதுக்குப் பதிலா உள்ள வருது. அதுல இருக்கிற விஷத்துக்கு வாசனையே கிடையாது. நீங்க பாட்டுக்கு நல்லா தூக்கம் வருதேன்னு நினைச்சுட்டு இருப்பீங்க. பெரியவங்களுக்கே தாங்காது. சின்னக் குழந்தைங்கன்னா கேக்கவே வேணாம்."

"என்னங்க" என்றாள் மனைவி.

"இரு, சொல்லிட்டு இருக்கேன்ல."

"நம்ம வண்டில வந்து இறங்குனா எனக்கும் தலை வலிக்குதுங்க. மூக்குக் கண்ணாடிய மாத்தணும்னு நினைச்சுட்டு இருந்தேன்." அவள் குரல் இறங்கிவிட்டது. "பாப்பா ஏறுன உடனே தூங்குறா."

சைலன்சர்காரர் வாயைத் திறந்தபடியே நின்றார். அந்தக் கடை திறந்த நாளிலிருந்து இப்படி ஒரு அமைதி அங்கே இருந்ததில்லை. தான் பேத்திக்குத் தாலாட்டு என்று நினைத்துத் தினமும் என்ன கொடுத்துக்கொண்டிருந்தோம் என்பது அவருக்கு அந்த நொடியில் புரிந்துபோனது. டீச்சரின் வண்டியை அங்கேயே விட்டுப்போகச் சொல்லிவிட்டு, கடை ஷட்டரை இழுத்தார்.

மகளையும் குழந்தையையும் வாடகைக்காரில் டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். டாக்டர் குழந்தையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், ரத்தம் எடுத்தார், நூறு கேள்வி கேட்டார். குழந்தைக்கு ஒன்றுமில்லை, சின்னச் சின்ன சவாரியாக இருந்ததால் தப்பித்தீர்கள், இனி அந்த வண்டிப்பக்கமே கொண்டுபோகாதீர்கள் என்றார். சைலன்சர்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். வெளியே வந்ததும் பேத்தியை வாங்கக் கையை நீட்டினார். மகள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஊர்ல இருக்கிற வண்டிக்கெல்லாம் வைத்தியம் பாக்கறீங்க. இனிமே பாப்பாவ உங்க வண்டில ஏத்த மாட்டேன்ப்பா" என்றாள். கத்திச் சொல்லியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போதே தன் காரை லிஃப்டில் ஏற்றினார். ஸ்டார்ட் செய்து கேட்டார். வழக்கமான சத்தம்தான்.

"சத்தம் சரியாத்தான இருக்கு" என்றார்.

"உங்க குறட்டை உங்களுக்குக் கேக்குதா?" என்றாள் மனைவி. கஸ்டமர்கள் உட்காருகிற நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "நான் கஸ்டமர். இந்த வண்டிய இப்பதான் மொத மொதல்ல பாக்கறீங்க. பாருங்க."

அவள் சொன்னது உறைத்தது. ஈரச்சாக்கைச் சுருட்டிப் பின்குழாயின் வாயை அடைத்துப் பிடித்தார். ஓட்டை இல்லாத வண்டி என்றால் மூச்சுத் திணறி எஞ்சின் நின்றுவிட வேண்டும். இந்தக் கார் கவலையே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆக, மூச்சு வேறு எங்கோ போகிறது. எஞ்சினை நிறுத்திவிட்டு, செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலில் சோப்புத் தண்ணீரை ஊற்றி ஒவ்வொரு ஜாயின்டிலும் அடித்தார். திரும்ப ஸ்டார்ட் பண்ணி, குனிந்து நிமிர்ந்து பார்த்தார். எங்கேயும் நுரைக்கவில்லை.

"அடியில ஒண்ணும் இல்லையே."

"மேல பாத்தீங்களா?"

குச்சியில் கட்டின சின்னக் கண்ணாடியைச் சைலன்சர் டப்பாவுக்கு மேலே நீட்டினார். அடிப்பக்கம் பளபளவென்று இருந்த டப்பா, சேறு தேங்கும் மேல்பக்கத்தில் துருப்பிடித்து அப்பளமாக நொறுங்கியிருந்தது. அதற்கு நேர் மேலே டிக்கியின் அடித்தகடு கரிபடிந்து கறுத்திருந்தது. டிக்கியைத் திறந்தார். மூடியைச் சுற்றி ஓடுகிற ரப்பர் ஒரு மூலையில் கிழிந்து தொங்கியது. அதைக் கிழித்தது யார் என்று யோசிக்கவேண்டிய அவசியமே இல்லை. கடைக்கு வேண்டிய நீளமான பைப்புகளை அந்த டிக்கியில் திணித்து, மூடாத மூடியைக் கயிற்றால் கட்டி எடுத்து வருவது சாட்சாத் இவரேதான். கஸ்டமர்களின் புகையை அடைக்கப் பைப் வாங்கி வரும் அவசரத்தில் தன் பின் சீட்டுக்கே புகை வர வழி செய்திருக்கிறார்.

"சரி, என்ன செய்யலாம்னு கஸ்டமருக்குச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

பழக்கதோஷம், மனப்பாடமாகச் சொன்னார். "பேஸ்ட் பூசிப் பட்டி சுத்திக்கலாம், அடுத்த மழை வரைக்கும் தாங்கும். இல்லன்னா தகடு வச்சு வெல்டிங். ஆனா இற்றுப்போன இரும்புல வெல்டிங் நிக்காது, பக்கத்துலயே இன்னொரு ஓட்டை விழும். உடைச்ச வண்டில இருந்து கழட்டின பழைய டப்பா ஒண்ணு கிடக்குது. புதுசுன்னா கம்பெனிதும் இருக்கு, வெளிக் கம்பெனிதும் இருக்கு." சொல்லிக்கொண்டே அவர் கை தானாகப் பழைய டப்பா கிடந்த மூலைப்பக்கம் போனது. இத்தனை வருஷமும் அந்தக் கார் வளர்ந்ததே மிச்சம் மீதியில்தான்.

"பாப்பா ஏறுற வண்டிங்க" என்றாள் மனைவி.

கை திரும்பி வந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு அவரே நடந்துபோனார். கடைக்காரர், "யார் வண்டிக்கு?" என்று கேட்டபோது, "ரொம்ப வேண்டியவங்க" என்றார். டப்பா, அதற்கு முந்தைய பைப், கேஸ்கெட், கிளாம்ப், தொங்கவிடுகிற ரப்பர் வளையம், டிக்கி ரப்பர் எல்லாமே கம்பெனிச் சரக்காக வாங்கினார். தன் வண்டிக்குப் பழைய நட்டைத் துடைத்துப் போடுகிற மனுஷன் அன்றைக்குப் புது நட்டைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் போட்டார். மாட்டி முடித்து ஈரச்சாக்கால் வாயை அடைத்தார். எஞ்சின் திணறி நின்றது. வாசனையில்லாத அந்தக் கார்பன் மோனாக்சைடு விஷத்தைக் காட்டுகிற சின்னக் கருவி ஒன்றை வாங்கி, பின் சீட்டில் வைத்து, கண்ணாடியெல்லாம் ஏற்றி, ஊரைச் சுற்றி வந்தார். கருவி சும்மா கிடந்தது.

ஆனால் மகளிடம் போய், "வண்டில ஏறும்மா" என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சாயங்காலம் பேத்தி அழுதது. அவர் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். உலகத்தில் எந்தச் சத்தத்தையும் அடக்கத் தெரிந்த மனுஷன் அதை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. சில நாள் இப்படியே போனது. அம்மா மகளிடம் என்ன சொன்னாள் என்று தெரியாது. ஒருநாள் மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, அந்தக் கருவியை ஒரு கையில் வாங்கிக்கொண்டு, பின் சீட்டில் ஏறினாள்.

அவர் கோயில் தேர் ஓட்டுகிற மாதிரி ஓட்டினார். கடைத்தெரு தாண்டியது. பேத்தி அழுதது. பாலம் தாண்டியது. இன்னும் பலமாக அழுதது. ஒரு சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அப்பா, தூங்க மாட்டேங்கிறா. வீட்டுக்குப் போலாம்" என்றாள் மகள்.

"இன்னும் ஒரே ஒரு சுத்தும்மா. எவ்வளவு தெம்பா அழுறா பாரு" என்றார். அதற்குமேல் தெரு சரியாகத் தெரியாததால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடினார். தோளில் கிடந்த கரித்துணிதான் கிடைத்தது. அதாலேயே துடைத்தார்.

மகள் கைகளை நீட்டி, கத்துகிற குழந்தையை முன் சீட்டுக்கு, அவர் மடிக்குக் கடத்தினாள்.

"இந்தாங்க. ரெண்டு பேருமா சேர்ந்து அழுங்க."